அழுத்தும் முன் மார்பு ஏறுகிறதா?

லேபர் ரூமுக்குப் புதிதாக வரும் ஸ்டாஃப் நர்ஸ் பலருக்கு, பிறந்த குழந்தையின் மார்பை அழுத்துவது என்றாலே பதற்றம். ஆயிரம் பிரசவங்களில் ஏறக்குறைய ஒன்றில்தான் அது தேவைப்படும். தேவை வருவதற்கு முன்பே அழுத்தத் தொடங்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

சிசுவுக்குப் பெரும்பாலும் முதலில் நிற்பது மூச்சு. இதயம் அதன் பிறகே தளரும். ஆகவே அம்பு பேக்கில் காற்று கொடுங்கள். மார்பு ஏறி இறங்கும்படி 30 விநாடி கொடுத்த பிறகும் துடிப்பு நிமிடத்துக்கு 60-க்குக் கீழே இருந்தால் மட்டுமே அழுத்தலாம். மார்பே அசையவில்லையா? மாஸ்க், தலையின் நிலை, சக்‌ஷன், காற்றின் அழுத்தம் என்று வரிசையாகச் சரிபாருங்கள். முடிந்தவரை டியூப் போட்ட பிறகு அழுத்துவதே நல்லது. பல குழந்தைகள் காற்று கொடுக்கும் கட்டத்திலேயே அழுதுவிடும்.

அழுத்தத்தான் வேண்டும் என்றால், இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடியுங்கள். விரல்கள் முதுகைத் தாங்கட்டும். கட்டை விரல்கள் இரண்டும் மார்பெலும்பின் கீழ்ப்பகுதியில், முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். நுனி எலும்பில் படக் கூடாது. மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். முழுதாகத் தளர்த்துங்கள், ஆனால் விரலை எடுக்காதீர்கள். எடுத்தால் ஒவ்வொரு முறையும் இடம் தேட வேண்டியிருக்கும். டியூப் போட்டாயிற்று என்றால் தலைமாட்டுக்கு நகர்ந்துவிடுங்கள். தொப்புள்கொடியில் லைன் போடும் டாக்டருக்கு இடம் கிடைக்கும்.

மூன்று அழுத்தம், ஒரு மூச்சு: இரண்டு விநாடியில் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 90 அழுத்தம், 30 மூச்சு. ‘ஒன் அண்ட் டூ அண்ட் த்ரீ அண்ட் பிரீத்’ என்று அழுத்துபவர் உரக்கச் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு முணுமுணுத்தால் பேக் பிடித்திருப்பவர் தாளம் தவறிவிடுவார். ஆக்சிஜனை 100 சதவீதத்துக்கு உயர்த்துங்கள்.

60 விநாடி கழித்துத் துடிப்பைப் பாருங்கள். ஈ.சி.ஜி. மானிட்டர் இருந்தால் அதை நம்புங்கள். ஸ்டெதஸ்கோப்புக்காக நடுவில் நிறுத்துவது நஷ்டம். 60-ஐத் தொட்டால் அழுத்தத்தை நிறுத்தி, மூச்சை மட்டும் நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை தொடருங்கள். தொடவில்லையா, அடுத்தது அட்ரினலின். நம்மூர் ஆம்ப்யூல் 1 மி.லி.யில் 1 மி.கி.; சிசுவுக்கு அப்படியே போடக் கூடாது. 9 மி.லி. நார்மல் சலைன் சேர்த்து, சிரிஞ்சில் லேபிள் ஒட்டி, டாக்டர் சொல்லும் அளவை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பொம்மையில் கை பழகாமல் இதில் இறங்காதீர்கள். என்.ஆர்.பி. எனும் சிசு உயிர்மீட்புப் பயிற்சிக்குப் பெயர் கேட்டால் முதல் ஆளாகக் கொடுங்கள்.