‘மாசிவ்’ என்றால் பெரியதா?

சென்ற ஆண்டு ஒரு வினாடி வினாப் போட்டியில் எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒரே ஒரு கேள்வியில் வாய்ப்பை இழந்தாள். திருவாதிரை விண்மீன், பால்வெளியின் மையத்தில் உள்ள கருந்துளை, இவற்றில் எது அதிக ‘மாசிவ்’ என்பது கேள்வி. அவள் தயங்காமல் திருவாதிரை என்றாள். தவறு அவளுடையதல்ல. ‘மாசிவ் என்றால் மிகப் பெரிய’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்.

அன்றாட ஆங்கிலத்தில் அந்தப் பொருள் சரிதான். வானியலில் அது உருவத்தைச் சொல்வதில்லை, நிறையைச் சொல்கிறது. ‘சூப்பர் மாசிவ்’ என்னும்போதும் அப்படியே. ‘ஜயண்ட்’, ‘சூப்பர் ஜயண்ட்’ என்னும் சொற்கள்தாம் உருவப் பெருக்கத்தைக் குறிப்பவை. போதாக்குறைக்கு, நம் பிள்ளைகளுக்கு ‘மாஸ்’ என்றதும் கதாநாயகனின் அறிமுகக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது!

இந்த ஆண்டு பாடத்தை வேறு விதமாகத் தொடங்கினேன். மேல்பட்டாம்பாக்கத்துக்கு நெய்வேலி தூரமில்லை. ஒரு பழுப்பு நிலக்கரிக் கட்டியையும் அதே அளவுள்ள கருங்கல்லையும் மாணவர் கையில் கொடுத்தேன். கட்டியின் எடை கல்லில் பாதிகூட இல்லை. அடுத்து ஓர் உமி மூட்டையும் 5 கிலோ படிக்கல்லும். “எது பெரியது? எதில் நிறை அதிகம்?” என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்துக் கேட்டேன். அதன் பிறகே வானத்துக்குப் போனோம்.

திருவாதிரையின் விட்டம் சூரியனைப்போல் சுமார் 700 மடங்கு. அதன் நிறையோ 20 மடங்குக்குள்தான். சராசரி அடர்த்தியைக் கணக்கிட்டால் நாம் சுவாசிக்கும் காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. அதுவே நம் உமி மூட்டை. பால்வெளி மையக் கருந்துளையின் நிறை 40 லட்சம் சூரியன்களுக்கு மேல். அதன் எல்லையின் விட்டம் ஏறத்தாழ 2.5 கோடி கிலோமீட்டர், அதாவது சூரியனைப்போல் 18 மடங்கு மட்டுமே. உருவத்தில் திருவாதிரைக்குள் அடங்கிவிடும். சிரியஸின் துணையான வெண்குறுமீன் இன்னும் வியப்பானது. பூமியளவு உருவம், சூரியனளவு நிறை. அதில் ஒரு கன சென்டிமீட்டர் 2 டன்னுக்கு மேல் இருக்கும்.

இந்த இடத்தில் சுப்பிரமணியன் சந்திரசேகரைச் சொல்லாமல் விடக்கூடாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது 19 வயதில் அவர் போட்ட கணக்கு, நிறையைப் பற்றியதே. வெண்குறுமீனின் நிறை கூடக் கூட உருவம் சுருங்குகிறது. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் அது வெண்குறுமீனாக நிலைக்க முடியாது. 1983இல் நோபல் பரிசு பெற்றார். நிறை கூடினால் உருவமும் கூடும் என்று நம்பியிருக்கும் மாணவரை உலுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழில் ‘நிறைமிகு’, ‘மீநிறை’ என்கிறேன். ‘மாபெரும் கருந்துளை’ காதுக்கு இனிமையாக இருந்தாலும் வகுப்பில் தவிர்க்கிறேன்.

கடைசிப் பாடவேளையில், 2019இல் படம் வெளியான எம் 87 கருந்துளையை எடுத்துக்கொண்டோம். நிறை 650 கோடி சூரியன்கள். எல்லைக்குள் உள்ள கனஅளவால் வகுத்தபோது கனமீட்டருக்கு அரை கிலோகூட வரவில்லை. காற்றே 1.2 கிலோ. இரண்டு முறை சரிபார்த்தும் அதே விடைதான்.

“அப்போ அது கனமா, லேசா சார்?” என்றான் ஒருவன். மணி அடித்துவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை.