கரிசல் மனையில் எத்தனை அடி வானம் தோண்டுவது?

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் மூன்று சென்ட் கரிசல் மனை வாங்கியிருக்கிறேன். இப்போது தரைத்தளம், பிறகு மாடி எடுக்க எண்ணம். ஐந்தடி வானம் தோண்டிக் கருங்கல் கட்டினால் போதும், மண் பரிசோதனை வீண்செலவு என்கிறார் மேஸ்திரி. அக்கம்பக்கத்து வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடியிருப்பதைப் பார்த்துத் தயங்குகிறேன். என்ன செய்யலாம்?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. பாரம் தாங்காமல் மண் அமிழ்ந்துதான் விரிசல் விழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கரிசல் மேல்நோக்கியும் தள்ளும். அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் மழையில் நீரை இழுத்து உப்புகிறது, கோடையில் சுருங்குகிறது. வீட்டின் ஓரத்து மண் நனைந்து காயும். நடுவீட்டு மண் அந்த அளவு மாறாது. இந்த வேறுபாடுதான் சுவரைக் கிழிக்கிறது. ஐந்தடியிலும் ஈரம் ஏறி இறங்குமானால் கருங்கல்லும் சேர்ந்தே அசையும்.

எனவே முதல் செலவு மண் பரிசோதனைக்கு. காய்ந்த மண்ணைச் சலித்து, பத்துப் பத்து கிராமாகத் தண்ணீரிலும் மண்ணெண்ணெயிலும் போட்டு ஒருநாள் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக உப்புகிறது என்பதே கணக்கு. அது 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண வானத்தை நம்பாதீர்கள்.

அத்தகைய மண்ணுக்காகவே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 'அண்டர் ரீம்டு பைல்' முறையை வளர்த்தெடுத்தது. சுமார் 12 அடி துளையிட்டு, அடியில் குமிழாக அகட்டி, கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்புவார்கள். குமிழ் பொதுவாகத் துளையைப்போல் இரண்டரை மடங்கு அகலம். ஈரம் அதிகம் மாறாத ஆழத்தில் அது பிடித்துக்கொள்வதால் மேல்மண் உப்பினாலும் வீட்டைத் தூக்க முடியாது. பைல்களின் தலையை இணைத்துச் சுவரைத் தாங்கும் பிளிந்த் பீமுக்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விடச் சொல்லுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

தோண்டிய கரிசலையே பேஸ்மட்டத்துக்குள் திருப்பிக் கொட்ட விடாதீர்கள். நல்ல கிராவலை அரையடி அரையடியாகப் போட்டு, நீர்விட்டுத் திமிசு போடுங்கள். வீட்டைச் சுற்றி வெளிச்சரிவாகச் சிமென்ட் தளம் வேண்டும். குளியலறைத் தண்ணீர், செப்டிக் டேங்க், வேப்பமரம் எல்லாம் சுவரைவிட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

மாடி எடுக்கும் எண்ணத்தைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அறிக்கையைப் பார்த்து அவர் வரைபடம் தரும்வரை மனையில் கடப்பாரை இறங்க வேண்டாம்.