அந்த இரண்டு மணி நேரம் யாருடையது?

கேள்வி: எனக்கு வயது 39. தனியார் வங்கியில் வேலை. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், நான் என்று வீட்டில் ஐந்து பேர். காலை 5 மணிக்கு எழுந்து நடக்க வேண்டும் என்று மூன்று வருடமாகப் போராடுகிறேன். என் நாத்தனார் விடியற்காலையில் எழுந்து யோகா செய்வாள். மாமியார் அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. ‘21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்’ என்றார்கள். ஒருமுறை 23 நாள் எழுந்தேன், 24-ம் நாள் நின்றுவிட்டது. ராத்திரி போன்தான் காரணம் என்று எனக்கே தெரியும். பாத்திரம் கழுவி, மறுநாளைக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டு 11 மணிக்குப் படுக்கையில் உட்கார்ந்து போனை எடுத்தால் ஒரு மணி ஆகிவிடுகிறது. கண் எரிகிறது, ஆனாலும் வைக்க மனம் வரவில்லை. எனக்கு மன உறுதியே கிடையாதா? அப்பாவுக்கு 44 வயதில் சர்க்கரை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்த 21 நாள் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது அது. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்தார். வாய்க்கு வாய் மாறி, அது எல்லாப் பழக்கத்துக்குமான கெடுவாகிவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரப் பாதிப் பேருக்கு 66 நாளுக்கு மேல் ஆகும் என்று தெரிந்தது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை என்றும் கண்டார்கள். உங்கள் 24-ம் நாள் தோல்வி நாள் அல்ல. 25-ம் நாள் மறுபடி எழுந்திருக்கலாம், அவ்வளவுதான்.

மன உறுதி இல்லையா என்று கேட்கிறீர்கள். வங்கி வேலை முடித்து வந்து, ஐந்து பேருக்குச் சமைத்து, 11 மணிக்கு மறுநாள் காயையும் நறுக்கி வைப்பவருக்கு அது இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தில் அந்த 11 மணி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். காலையில் எழுந்ததிலிருந்து அந்த நேரம் வரை, உங்களை யாரும் கூப்பிடாத ஒரு பத்து நிமிடம் எங்கே இருக்கிறது? கடிதத்தில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அப்படியானால் ராத்திரி 11-லிருந்து 1 வரைதான் உங்களுக்கென்று நாள் தரும் நேரம். தூக்கத்தைக் கொடுத்து அதை வாங்குகிறீர்கள். தடுக்க எதுவும் இல்லாதபோதும் படுக்கப் போவதைத் தள்ளிப்போடும் இந்த வழக்கத்தை நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஃப்ளோர் க்ரூஸே என்பவரும் அவரது குழுவும் 2014-ல் தனியாகவே ஆராய்ந்தார்கள். சீனாவில் ‘பழிவாங்கும் கண்விழிப்பு’ என்று பொருள்படும் சொல்லே புழங்குகிறது: பகலெல்லாம் தனக்கென நேரம் கிடைக்காதவர், இரவில் அதைப் பிடுங்கிக்கொள்கிறார். போனில் புடவை பார்ப்பதும் ரீல்ஸ் பார்ப்பதும் வெளியே தெரிவது. உள்ளே இருப்பது, ‘இந்த நேரத்தில் என்னை யாரும் எதுவும் கேட்கக் கூடாது’ என்ற நியாயமான ஆசை. அந்த ஆசைக்கு வேறு இடம் தராமல் போனை மட்டும் பிடுங்கினால், இன்னொரு வழியில் அது திரும்பி வரும்.

இனி அந்த 5 மணி. இதை யார் உங்களுக்குச் சொன்னது? கடிதத்தில் நாத்தனார் முதலிலேயே வந்துவிடுகிறார். அப்பாவின் சர்க்கரை கடைசி வரியில், போகிற போக்கில் வருகிறது. மனித ஊக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இங்கே முக்கியமான வேறுபாட்டைக் காட்டினார்கள். ‘செய்யாவிட்டால் கேவலம்’ என்ற குற்ற உணர்வால் செய்வது ஒன்று. ‘இது எனக்கு முக்கியம்’ என்று உணர்ந்து செய்வது இன்னொன்று. முன்னது வேகமாகக் கிளம்பும், நிலைக்காது. நாத்தனாருக்கு ஈடாக எழுந்திருப்பது கைமாற்று வாங்கிய காரணம். அப்பாவின் 44 வயது உங்கள் சொந்தக் காரணம். நீங்கள் 39-ல் நிற்கிறீர்கள். மூன்று வருடமாக மனதுக்குள் ஓடிக்கொண்டிருப்பது அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன்.

காரணம் அதுவென்றால் 5 மணிக்கு இங்கே வேலையே இல்லை. ஒரு மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தால் நான்கு மணி நேரத் தூக்கம். தூக்கம் குறைந்தால் உடம்பில் இன்சுலின் வேலை செய்யும் திறனும் குறையும். சர்க்கரைக்குப் பயந்து செய்யும் காரியம் சர்க்கரைக்கே வழி விடும். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். நடையைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. எந்த நேரத்தில் என்று அது நிபந்தனை போடவில்லை. சாப்பிட்ட பின் சிறிது நேரம் நடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். மதியம் சாப்பிட்டுவிட்டு அலுவலகத்தைச் சுற்றி ஒரு பதினைந்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் ஒரு பதினைந்து நிமிடம். ஐந்து நாளில் கணக்கு முடிந்தது.

இந்த வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். போனை எடுக்கும்போது மணி என்ன, சற்று முன் என்ன நடந்தது, மனசு எப்படி இருந்தது என்று மட்டும் எழுதுங்கள். ‘ஏன் இப்படிச் செய்கிறேன்’ என்று கேட்காதீர்கள். நம் வீடுகளில் ‘ஏன்’ என்பது பெரும்பாலும் திட்டும் சொல். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டதும் சாக்குச் சொல்லவோ தலைகுனியவோதான் பழகியிருக்கிறோம். ‘இது எனக்கு என்ன தருகிறது’ என்று கேளுங்கள். ஏழு நாள் குறிப்பை மொத்தமாகப் படித்தால் அது கண்ணுக்குத் தெரியும். மாமியார் ஏதாவது சொன்ன நாளில் போன் இன்னும் நீள்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு, உங்களுக்கென்று இருக்கும் அந்த நேரத்தை 11 மணியிலிருந்து 9 மணிக்கு நகர்த்த வேண்டும். இதை நீங்கள் தனியாகச் செய்ய முடியாது. 2019-ல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்பவர்களிடையே பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். உங்கள் தூக்கம் அந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது. இரவுப் பாத்திரம் கணவருக்கு, காய் நறுக்குவது பிள்ளைகளுக்கு என்று பேசி முடிவு செய்யுங்கள். சுயமுன்னேற்றப் புத்தகங்கள் எல்லாவற்றையும் உங்கள் தலையிலேயே கட்டிவிடும். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நேரம் கிடைத்த பிறகும் தூக்கம் வராமலோ, எதிலும் பிடிப்பில்லாமலோ இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் 14416 மனநல உதவி எண்ணிலும் பேசலாம். எப்படியானாலும், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் மூன்று மாத சராசரியையும் இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் அப்பாவைப் பற்றிய வரி முதல் வரியாக இருக்கட்டும்.