கோவா வாடினால் வேரைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி மரக்கறி போட்டிருக்கிறேன். ஐப்பசி மழையோடு ஒரு தொல்லை: கோவா பகலில் துவண்டு, அந்திக்கு நிமிர்கிறது. ஒன்றைப் பிடுங்கினேன், வேரெல்லாம் இஞ்சி மாதிரி வீங்கியிருந்தது. அப்பாயி சாம்பல் போடச் சொல்கிறார். கார்த்திகையில் என்ன வேலை பார்ப்பது? நுவரெலியாவில் அக்கா உருளைக்கிழங்கு போட்டுவிட்டு உறைபனிக்குப் பயந்துகொண்டிருக்கிறார்.

பதில்: நீங்கள் சொல்வது கிளப் ரூட் என்கிற வேர்வீக்க நோய். இதன் வித்திகள் மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் கிடக்கும். நீர் தேங்கிய அமில மண் என்றால் அதற்குக் கொண்டாட்டம். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையான பி.எச். பிடிக்கும்; கோவாவுக்கு அது ஆகாது. வாசலில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறதா? மண்ணின் அமிலத்துக்கு அதுவே சாட்சி.

வீங்கிய செடிகளை வேர் அழுகுமுன் பிடுங்கி எரித்துவிடுங்கள். கூட்டெருக் குழியிலோ கானிலோ போட்டால் அடுத்த பாத்திக்கும் நோயை நீங்களே கொண்டுபோனதாகிவிடும். மேட்டு வீட்டாரும் கோவா போடுகிறார்களா என்று பாருங்கள். அவர்கள் பாத்தித் தண்ணீர் உங்கள் பாத்தி வழியாக இறங்கினால் எந்த மருந்தும் நிற்காது. ஆகவே கார்த்திகையின் முதல் வேலை கான் வெட்டுவதுதான். மேல் ஓரத்தில் குறுக்காக ஒரு கான், பாத்திகளுக்கிடையே சிறு கான்கள். அடைத்த மண்ணை ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் வாரிவிடுங்கள். மண் சொதசொதவென்று இருக்கும்போது முள்ளு குத்தாதீர்கள்; காய்ந்தால் கல்லாகிவிடும்.

அப்பாயி சொல்வது சரி, சாம்பல் அமிலத்தைக் குறைக்கும். ஆனால் அடுப்புச் சாம்பல் நாலு பாத்திக்குக் காணாது. நடுவதற்குச் சில வாரம் முன்பே டொலமைட் தூவிக் கிளறுங்கள். உருளைக்கிழங்குப் பாத்தியில் மட்டும் வேண்டாம், தோலில் சொறி விழும். நோய் கண்ட பாத்தியில் பல வருடங்களுக்கு நோக்கோல், பூக்கோவா, முள்ளங்கி எதுவும் கூடாது. எல்லாம் கோவாக் குடும்பம். லீக்ஸ், கரட், போஞ்சி தாராளமாகப் போடலாம்.

அக்காவின் பயம் நியாயமானது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; உறைபனி பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரியில், மேகமில்லாத, காற்றசையாத இரவுகளில் விழும். குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தேங்குவதால் தாழ்வான பாத்திதான் முதலில் கருகும். வானம் தெளிந்திருந்தால் அந்திக்குள் சாக்கு விரித்து மூடச் சொல்லுங்கள். சாக்கு இலையில் படியாமல் குச்சி நட்டுத் தாங்கட்டும். வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். உறைபனிக் காலம் வரும்வரை மழையும் மூடுபனியும் இருக்கும் நாட்களில் இலைகளைத் திருப்பிப் பார்க்கட்டும். அடியில் வெள்ளைப் பூஞ்சணமும் மேலே கருந்திட்டும் கண்டால் அது வெளிறல் நோய். உறைபனிக்கு முன்னால் கிழங்கைத் தின்றுவிடுவது அதுதான்.