கிளை பிரிதலும் கிளை சேர்தலும்

(மூன்றாமாண்டு, இளம் அறிவியல் – கணிப்பொறி அறிவியல்)

ஒரே நிரலை நால்வர் கூடி எழுதினால் என்ன ஆகும் என்னும் வினாவே இக்கட்டுரைக்கு வித்து. சென்ற பருவத்தில், துறை நூலகத்தில் புத்தகம் வழங்கும் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள் ஒன்றைச் செயல்திட்டமாக நாங்கள் நால்வர் எழுதினோம். நால்வரிடையே மடிக்கணிப்பொறி இரண்டு. மற்ற இருவருக்கும் ஆய்வகக் கணிப்பொறியே துணை. அப்போது நான் கற்றவற்றையும், கற்பதற்கு முன் கெடுத்தவற்றையும் ஈண்டு எழுதுகிறேன். பிற துறை நண்பர்களும் இம்மலரைப் படிப்பர் ஆதலின் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன். கணிப்பொறி பயிலும் நண்பர்கள் பொறுத்தருள்க.

நிரல் எழுதுவோர் நாள்தோறும் அதைத் திருத்திக்கொண்டே இருப்பர். நேற்று ஓடிய நிரல் இன்று ஓடவில்லையெனில், நேற்றைய வடிவம் கையில் இருந்தால்தான் தப்பிக்க முடியும். இதற்காக முதலில் நாங்கள் செய்தது யாவரும் செய்வதே. ‘நூலகம்’, ‘நூலகம் புதிது’, ‘நூலகம் கடைசி’, ‘நூலகம் உண்மையிலேயே கடைசி’ என்று கோப்புறைகளைப் பெருக்கினோம். இந்நோய்க்கு மருந்து 1972 ஆம் ஆண்டிலேயே கண்டாயிற்று. அவ்வாண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராக்கைண்ட் என்பார் எஸ்.சி.சி.எஸ். என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை எழுதினார். பின்னர் ஆர்.சி.எஸ்., சி.வி.எஸ்., சப்வெர்ஷன் எனப் பல வந்தன. இன்று பெருவழக்காக இருப்பது கிட். லினக்ஸ் கெர்னலை எழுதுவோர் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்னும் மென்பொருளின் இலவச உரிமம் நிறுத்தப்பட்டதால், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலையில் அதன் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார்.

கிட்டில் நம் வேலையை அவ்வப்போது பதிவு செய்கிறோம். இதற்குக் ‘கமிட்’ என்று பெயர். ஒவ்வொரு பதிவும் அந்த நேரத்தில் கோப்புகள் எல்லாம் இருந்த நிலையைக் காட்டும். தனக்கு முந்தைய பதிவு எது என்பதையும் தன்னுள் குறித்து வைத்திருக்கும். பதிவின் அடையாளம், எண்களும் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரையுள்ள எழுத்துகளும் கலந்த 40 இலக்கக் கோவை.

இனி, கிளை என்பது யாது? கிளை பிரித்தால் கோப்புகள் அனைத்தும் இன்னொரு படி எடுக்கப்படும் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அஃது அன்று. கிளை என்பது ஒரு பதிவைச் சுட்டும் பெயர் மட்டுமே. ஐயம் தீர, எங்கள் களஞ்சியத்தில் கிளையின் பெயரால் இருந்த கோப்பைத் திறந்து பார்த்தேன். உள்ளே 40 இலக்கமும் ஒரு வரிமுடிவும் இருந்தன. ஆக மொத்தம் 41 பைட். அக்கிளையில் இருந்துகொண்டு புதிய பதிவு செய்தால், பழைய கோவை போய்ப் புதிய பதிவின் கோவை அங்கே எழுதப்படும். கிளை ஓரடி முன்னே நகர்ந்துவிட்டது என்று பொருள். மரத்தின் கிளையைவிட, புத்தகத்தில் செருகும் அடையாள நாடாவே இதற்குப் பொருத்தமான உவமை.

பழைய முறைகளில் இவ்வளவு எளிதில்லை. சி.வி.எஸ்.ஸில் கிளை பிரிக்க ஒவ்வொரு கோப்பிலும் அக்குறி எழுதப்பட வேண்டும். சப்வெர்ஷனில் பிரிப்பது எளிதாயிற்று. ஆயினும் எவையெவை ஏற்கெனவே இணைக்கப்பட்டன என்னும் கணக்கை அதுவே வைத்துக்கொள்ளும் வசதி 2008 இல் வந்த 1.5 பதிப்பில்தான் கிடைத்தது. கிட்டில் ‘சுவிட்ச்’ கட்டளையோடு சிறிய ‘சி’யும் ஒரு பெயரும் தந்தால் போதும், கிளை பிறந்துவிடும். (2019 இல் வந்த 2.23 பதிப்புக்கு முன் ‘செக்அவுட்’ என்னும் ஒரே கட்டளை இவ்வேலையையும் வேறு பல வேலைகளையும் சேர்த்துச் சுமந்தது.) பிரிப்பதற்குச் செலவே இல்லை என்பதனால்தான் நாங்கள் கெட்டோம்.

சேர்ப்பது எங்ஙனம் என்பதை அடுத்துக் காண்போம். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர் பாடபேதம் காண்பதைத் தமிழ் வகுப்பில் கேட்டிருக்கிறோம். ஒரு சுவடியில் ஒரு சொல், மற்றொரு சுவடியில் வேறு சொல். எது மூலம், எது படியெடுத்தவர் கைவேலை? மூல ஏடு கிடைக்காதபோது பதிப்பாசிரியர் தம் புலமையைக் கொண்டே முடிவு செய்தாக வேண்டும். கிட்டுக்கு அத்தொல்லை இல்லை. இரு கிளைகளும் எந்தப் பதிவில் பிரிந்தனவோ அந்தப் பதிவு, அதாவது மூல ஏடு, அதன் கையிலேயே இருக்கிறது. ஒரு வரி ஒரு கிளையில் மூலத்தில் உள்ளபடியே இருந்து, மற்றொரு கிளையில் மாறியிருந்தால், மாறியதையே கொள்ளும். இரண்டிலும் ஒரே இடம் வெவ்வேறு வகையாக மாறியிருந்தால்தான் திகைக்கும். அப்போது இடத்தைச் சுட்டிக்காட்டி, ‘<’ குறி ஏழு, ‘=’ குறி ஏழு, ‘>’ குறி ஏழு இட்டு, இரு பாடங்களையும் எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தீர்ப்பு நம்முடையது. மூன்று வடிவங்களை ஒப்பிடுவதால் இதற்கு மும்முனை இணைப்பு என்று பெயர்.

எங்கள் செயல்திட்டத்தில், தாமதமாகத் திருப்பும் நூலுக்கு அபராதம் கணக்கிடும் பகுதியை என் வகுப்புத் தோழி ஒருவர் ‘அபராதம்’ என்னும் கிளையில் எழுதினார். தேதிகளைக் கையாளும் பகுதி ‘தேதி’ என்னும் கிளையில் என்னிடம் இருந்தது. என் கிளை முதலிலேயே முதன்மைக் கிளையில் சேர்ந்துவிட்டது. அவர் ஒரு திங்கட்கிழமை கிளை பிரித்தார். 19 நாள் கழித்துச் சனிக்கிழமைதான் அதை இணைக்க வந்தோம். அடுத்த திங்களன்று ஆசிரியர்களிடம் காட்டியாக வேண்டும். இணைத்தவுடன் 23 இடங்களில் முரண் தோன்றியது. அன்று மாலை ஆய்வகம் பூட்டும் வரையிலும், பின்னர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் இரவு வெகுநேரம் வரையிலும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீர்த்தோம். முடித்தபோது வெற்றிக் களிப்புத்தான்.

ஆனால் எங்களைக் கவிழ்த்தது அந்த 23 இல் ஒன்றும் அன்று. இரு தேதிகளுக்கு இடைப்பட்ட நாள்களை எண்ணும் சார்பை நான் மாற்றி, ஞாயிற்றுக்கிழமைகளை அதுவே விட்டுவிடும்படி செய்திருந்தேன். தோழியோ தம் கிளையில், அச்சார்பு தரும் விடையிலிருந்து ஞாயிறுகளைத் தாமே கழித்திருந்தார். அவர் கிளை பிரித்த நாளில் இருந்த சார்புக்கு அவர் செய்தது முற்றிலும் சரி. நான் தொட்டது ஒரு கோப்பு; அவர் தொட்டது வேறு கோப்பு. எனவே கிட் முரண் எதையும் காணவில்லை, ஓசையின்றி இணைத்துவிட்டது. அது வரிகளை ஒப்பிடுமே தவிரப் பொருளை ஒப்பிடாது.

திங்களன்று ஆசிரியர் ஓர் எடுத்துக்காட்டுக் கேட்டார். முதல் தேதி திங்கட்கிழமை திருப்ப வேண்டிய நூல் 15 ஆம் தேதி திங்கட்கிழமை வருகிறது. தாமதம் 14 நாள். இடையில் ஞாயிறு இரண்டு. மீதி 12 நாள். நாளொன்றுக்கு 50 காசு வீதம் 6 ரூபாய். அவர் விரல் விட்டு எண்ணி முடிப்பதற்குள் திரையில் 5 ரூபாய் என்று வந்து நின்றது. “ஒரு ரூபாய் எங்கே போயிற்று?” என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஞாயிறுகள் இருமுறை கழிந்திருந்ததை அன்று மாலைதான் கண்டுபிடித்தோம். மதிப்பெண் என்னவாயிற்று என்று எழுத விருப்பமில்லை.

அதன்பிறகே, பிறர் கிளைகளை எவ்வாறு நடத்துகின்றனர் என்று தேடிப் படித்தேன். 2010 ஜனவரியில் வின்சென்ட் டிரீசன் என்பார் வெளியிட்ட ‘கிட்-ஃப்ளோ’ என்னும் முறை பெரும்புகழ் பெற்றது. அதில் நிலையான கிளைகள் இரண்டு. புதுவசதி, வெளியீடு, அவசரத் திருத்தம் என்று தற்காலிகக் கிளை வகைகள் மூன்று. படம் பார்க்க அழகாக இருக்கும். எங்கள் வகுப்பிலேயே ஒரு குழு அதைப் பின்பற்றியது. ஆள் நால்வர், கிளை வகை ஐந்து. 2020 மார்ச்சில் டிரீசனே அக்கட்டுரையின் தலையில் ஒரு குறிப்புச் சேர்த்தார். இடைவிடாது புதுப்பிக்கப்படும் இணையச் செயலிகளுக்கு இன்னும் எளிய முறையே ஏற்றது, ஒரே நேரத்தில் பல பதிப்புகள் வழக்கிலிருக்கும் மென்பொருளுக்குத் தம் முறை பொருந்தலாம் என்பது அதன் கருத்து. நூலகக் கணக்கு ஒரே பதிப்பு. எங்களுக்கு அது வேண்டியதில்லை.

என்னைக் கவர்ந்தது லினக்ஸ் கெர்னலின் முறையே. அங்கே கிளைகளை ஆள்வது நாட்காட்டி. ஒவ்வொரு வெளியீட்டுச் சுற்றிலும் முதல் இரண்டு வாரமே புதியன சேர்க்கும் காலம். அது முடிந்ததும் கதவு சாத்தப்படும். பின்னர் வாரந்தோறும் ஒரு முன்வெளியீடு, அதில் பிழைத் திருத்தங்கள் மட்டுமே. ஒன்பது அல்லது பத்து வாரத்தில் வெளியீடு. அன்றியும், 2008 முதல் ‘லினக்ஸ்-நெக்ஸ்ட்’ என்னும் தனிக் களஞ்சியத்தில், அடுத்த சுற்றுக்கென வைத்துள்ள பலருடைய கிளைகளையும் அடிக்கடி ஒன்றாகச் சேர்த்து ஓட்டிப் பார்க்கின்றனர். எவரும் எவருடைய காலையும் மிதிக்கிறாரா என்பது கதவு திறக்குமுன்பே தெரிந்துவிடுகிறது. நாங்கள் 19 ஆம் நாள் செய்ததை அவர்கள் முன்னரே செய்துவிடுகின்றனர்.

எங்கள் நிரலை மறுபடி எடுத்தபோது, எந்தக் கிளையும் மூன்று நாளுக்குமேல் தனித்து வாழக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். காலையில் வந்ததும் முதன்மைக் கிளையில் சேர்ந்திருப்பதைத் தம் கிளைக்கு இழுத்து ஓட்டிப் பார்த்த பிறகே அன்றைய வேலை. மூன்று நாளில் முடியாத வசதியாயின் பாதியிலேயே சேர்த்துவிடுவோம். அமைப்புக் கோப்பில் ஒரு வரியால் அதை அணைத்து வைத்திருப்போம், முடிந்த பின் ஏற்றுவோம். அந்த 6 ரூபாய்க் கணக்கு இப்போது ஒரு சோதனை நிரலாக இருக்கிறது. ஒவ்வோர் இணைப்புக்குப் பிறகும் அது ஓடும்.

இணைப்பதா, ‘ரீபேஸ்’ செய்வதா என்று ஒரு வழக்கு உண்டு. ரீபேஸ் செய்தால் நம் பதிவுகள் முதன்மைக் கிளையின் நுனியில் புதிதாக எழுதப்படும். வரலாறு நேர்கோடாகத் தோன்றும். ஆனால் பதிவுகளின் கோவைகள் மாறிவிடும். வேறொருவர் ஏற்கெனவே அக்கிளையை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தால் அவர் பாடு திண்டாட்டம். நான் இணைப்புக் கட்சி.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பருவம் முடிந்தபின் ஆய்வகக் கணிப்பொறியில் 14 கிளைகள் கிடந்தன. சேர்ந்து முடிந்தவற்றை நீக்கலாம் என்று உட்கார்ந்தேன். ‘பிராஞ்ச்’ கட்டளையோடு சிறிய ‘டி’ சேர்த்தால், இணைக்கப்படாத கிளையை நீக்க அது மறுக்கும். பெரிய ‘டி’ சேர்த்தால் கேள்வி இல்லை, நீக்கிவிடும். ‘தேடல்’ என்னும் கிளையில் சிறிய ‘டி’ மறுத்தது. பழைய குப்பைதானே என்று பெரிய ‘டி’ கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான், அது இன்னொரு நண்பர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய வேலை என்பதும், அந்தக் கணிப்பொறியைத் தவிர வேறெங்கும் அதற்குப் படி இல்லை என்பதும் நினைவுக்கு வந்தன. கை வியர்த்துவிட்டது.

நீங்கியது பெயர் மட்டுமே. பதிவுகள் உடனே அழிவதில்லை. அக்கணிப்பொறியில் நாம் நின்ற பதிவுகளையெல்லாம் கிட் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைக்கிறது. ‘ரெஃப்லாக்’ என்னும் கட்டளை அதைக் காட்டும். எந்தக் கிளையும் எட்டாத பதிவுகளின் குறிப்பும், நாம் அமைப்பை மாற்றாதவரை, 30 நாள் அதில் இருக்கும். மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தேன். பதினொன்றாம் வரியில் நண்பரின் கடைசிப் பதிவு இருந்தது. அதன் கோவையைக் கொடுத்து மறுபடியும் ‘தேடல்’ என்று ஒரு கிளை ஏற்படுத்த ஒரு நொடிகூட ஆகவில்லை. 41 பைட்தானே! நண்பரிடம் இதுவரை நான் இதைச் சொல்லவில்லை. இம்மலரில்தான் படித்து அறிந்துகொள்ளப் போகிறார்.