பட்டறைப் பாடம்: ஸ்பிரிங் பிளஞ்சர்

ஸ்டோரிலும் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிமாரே, சொக்கட் செட்டின் கைப்பிடியைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். சொக்கட் மாட்டும் சதுரத் தலையின் ஒரு பக்கத்தில் சின்னக் குண்டு ஒன்று தெரியும். விரலால் அமுக்கினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். குண்டுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. ஸ்பிரிங் பிளஞ்சர் குடும்பத்தில் இதுதான் கடைக்குட்டி.

இந்தக் குண்டு சொக்கட்டைப் பிடித்துக்கொள்ளும்; பூட்டாது. பலமாக இழுத்தால் வழி விட்டுவிடும். அதற்காகத்தான் அதை உருண்டையாகச் செய்திருக்கிறார்கள்.

லொறியின் கியர் பெட்டிக்குள்ளும் இதே வேலைதான். கியர் மாற்றும் தண்டில் பள்ளங்கள் வெட்டியிருக்கும். கியர் விழும்போது குண்டு ‘டக்’கென்று பள்ளத்தில் உட்காரும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், அல்லது பள்ளம் தேய்ந்துவிட்டால், ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு ஏ-16 ரோட்டில் இறங்கும்போது கியர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடலாம். எஞ்சின் பிடி போய், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். அந்த வளைவுகளை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? சாரதி அண்ணன் “கியர் துள்ளுது தம்பி” என்றால், “கையால புடிச்சிக்கிட்டு ஓட்டுங்க” என்று அனுப்பிவிடாதீர்கள். கியர் பற்கள் தேய்ந்தாலும் இப்படித் துள்ளும். ஆகவே திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

பூட்ட வேண்டிய இடத்தில் குண்டு உதவாது. நேரான முளை வேண்டும். குமிழைப் பிடித்து இழுத்தால் முளை பின்வாங்கும், விட்டால் ஓட்டைக்குள் விழும். பக்கவாட்டில் எவ்வளவு தள்ளினாலும் நகராது. மில்லிங் மெசினில் பல் வெட்டும்போது டிவைடிங் ஹெட்டில் இருப்பது இதுதான். சாதாரண ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைத்துண்டு 1 சுற்று சுற்றும். 20 பல் வேண்டுமென்றால் ஒரு பல்லுக்கு 2 சுற்று. ஒரே ஒரு தடவை முளை சரியாக விழாவிட்டாலும் அந்தச் சில்லு பழைய இரும்புக்குத்தான் போகும். சில முளைகளை இழுத்துத் திருப்பினால் வெளியிலேயே நிற்கும். வசதிதான். ஆனால் மறந்துவிட்டு மெசினைப் போட்டால் ஆபத்து.

துளை போடும்போது சாமானைப் பக்கவாட்டில் தள்ளி, தடுப்போடு ஒட்டி வைக்கும் வகையும் உண்டு. அது கிளாம்ப் அல்ல. இடம் காட்டும், அவ்வளவுதான்; பிறகு இறுக்குவது உங்கள் வேலை.

தேயிலைத் தூசியும் கிரீசும் சேர்ந்து பிசினானால் முளை பாதியில் நிற்கும். சத்தத்தை மட்டும் நம்பாமல், மெசின் நின்றிருக்கும்போதே கையால் ஆட்டிப் பாருங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். நாலு நாளில் பழையபடி ஆகிவிடும். அதே அளவில் புதியதைப் போடுங்கள்.

கழற்றும்போது ஓட்டையின் மேல் துணியைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள், முகத்தை நேரே வைக்காதீர்கள். அமுங்கிக் கிடந்த குண்டு கண்ணை நோக்கித்தான் பாயும்.