ஒற்றை அணுவுக்கு ஒரு வெள்ளோட்டம்

சால்ட் லேக்கில் சாகா அணு இயற்பியல் நிறுவனத்தை அடுத்து இருக்கும் வி.இ.சி.சி. வளாகத்தை நம்மவர் பலர் பார்த்திருப்பார்கள். 1977-இல் முதல் கற்றையைத் தந்த சைக்ளோட்ரான் அங்குதான் இருக்கிறது. அத்தகைய இயந்திரத்தில் ஆல்ஃபா துகள்களை வேகப்படுத்தித் தங்கத் தகட்டில் மோதவிட்டால், தங்க அணுக்கள் சில தாலியமாக மாறும். பிஸ்மத்தில் மோதவிட்டால் அஸ்டட்டைன் கிடைக்கும்.

"தங்கத்தைக் கெடுத்துத் தாலியம் செய்வானேன்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். தனிம அட்டவணையில் தாலியத்துக்கு நேர் கீழே இருப்பது 113-ஆம் தனிமமான நிஹோனியம்; அஸ்டட்டைனுக்குக் கீழே 117. அண்ணனைப் பழகிக்கொண்டால் தம்பியை அணுகலாம்.

இந்த மீகனத் தனிமங்கள் ஒவ்வோர் அணுவாகத்தான் பிறக்கின்றன. சில வினாடிகளில் சிதைகின்றன. சோதனைக் குழாயில் ஊற்றிப் பார்க்க முடியாது. கர்ப்பூரத்தைச் சூடாக்கினால் ஆவியாகிக் குளிர்ந்த இடத்தில் படிகிறதல்லவா, அந்த வழிதான். ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறுமுனை கடுங்குளிராகவும் உள்ள குழாயில் வாயுவோடு அணுவை அனுப்புகிறார்கள். சுவரோடு இறுகப் பிணைவது முன்னாலேயே நின்றுவிடும். ஒட்டாதது குளிர் முனைவரை போகும். அணு சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா, அது நின்ற இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

112-ஆம் தனிமமான கோப்பர்நிசியம் பாதரசத்துக்குக் கீழே உள்ளது. ஆனால் அது மந்த வாயுபோல நடக்கலாம் என்று 1975-இல் பிட்சர் எழுதினார். அட்டவணையின் நெடுவரிசை விதி அந்தக் கோடி வரை செல்லுமா என்பதே கேள்வி. உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசம் பட்டு மோதிரம் வெளுத்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதரசம் தங்கத்தை விடாது. ரேடான் வாயுவோ தங்கத்தைச் சட்டை செய்யாது. எனவே ரஷ்யாவின் டூப்னாவில் தங்கம் பூசிய உணர்கருவிகளை வரிசையாக வைத்து, பாதரசத்தையும் ரேடானையும் கூடவே ஓடவிட்டார்கள். பாதரசம் முன்னால் நின்றது, ரேடான் கடைசியில். கோப்பர்நிசியத்தின் இரண்டே அணுக்கள் இடையில் நின்றன. அது ஆவியாகும், ஆனாலும் தங்கத்தோடு உலோகமாகவே பிணைகிறது என்ற முடிவு 2007-இல் வெளியாயிற்று. இரண்டே அணுக்கள்!

ரயில்வேயில் புதுப் பாலத்தில் மெயிலை விடுமுன் வெறும் எஞ்சினை ஓட்டிப் பார்ப்போம். அங்கே பரீட்சை பாலத்துக்கு, எஞ்சினுக்கு அல்ல. இங்கும் அப்படியே. தெரிந்த தனிமம் குழாயைச் சோதிக்கிறது: எங்கே கசிவு, எந்த வளைவில் தாமதம், வாயுவில் ஈரம் எவ்வளவு. அந்தக் கோப்பர்நிசிய அணுவின் அரைவாழ்வு சுமார் 4 வினாடி. பயணம் அவ்வளவு நேரம் இழுத்தால், பாதி சரக்கு வழியிலேயே போயிற்று.

தாலியம் இன்னும் தொல்லைக்காரன். குவார்ட்ஸ் சுவரில் துளி ஈரம் இருந்தாலும் ஹைட்ராக்சைடாகிவிடும். ஆகவே நிஹோனியம் தனிமமாக வந்ததா, ஹைட்ராக்சைடாக வந்ததா என்ற சந்தேகம் எழுகிறது. இதைத் தாலியத்தில் பிரித்தறியப் பழகாமல் நிஹோனியத்தில் கை வைப்பதில் பயனில்லை. 2024-இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் ஆய்வுக்கூடத்து முடிவுகள் வெளிவந்தன. நிஹோனியம் தாலியத்தைவிடக் குறைவாகவும், கோப்பர்நிசியத்தைவிட அதிகமாகவும் வினைபுரிகிறதாம்.